நிக்கிற செலவு

பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி ஒரு வார்த்தை மைத்துனனிடம் பல வருஷமாக இருந்தது. நாக்கு அதைத் தேடித் தேடிப் போகும், எடுக்கவும் வராது. சொன்னவர் அவனுடைய அக்கா புருஷன். சொன்ன இடம் அவருடைய அட்டைப் பெட்டிப் பட்டறை. யாரிடம் சொன்னார் என்றால், வீட்டு ஆளிடம்கூட இல்லை, மெஷின் விற்க வந்த ஒரு மூன்றாம் மனுஷனிடம்.

அந்த ஆள் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து, பசை வாளிகளுக்கு நடுவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வழவழப்பான படம் ஒன்றை விரித்தான். பெட்டிக்கு அட்டை வெட்டுகிற மெஷின். கையால் என்றால் ஒவ்வொரு அட்டையையும் அளக்க வேண்டும், கோடு போட வேண்டும், மடிப்பு வருகிற இடத்தில் பாதி ஆழம் மட்டும் கீற வேண்டும், மற்ற இடத்தில் முழுசாக அறுக்க வேண்டும். மெஷினில் ‘டை’ என்று ஒரு பலகை. பெட்டியைப் பிரித்து விரித்தால் என்ன வடிவமோ, அந்த வடிவத்துக்கு அதில் கத்தி வளைத்துப் பதித்திருக்கும். அட்டையை வைத்தால் மெஷின் ஒரு தடவை வாயை மூடித் திறக்கும். அவ்வளவுதான் வேலை.

கையால் பத்து வெட்டுகிற நேரத்தில் இதில் நூறு விழும் என்று அவன் சொன்னான். அத்தான் காதில் செருகியிருந்த பென்சிலை எடுக்கவே இல்லை. அவர் பென்சிலை எடுக்கவில்லை என்றால் கணக்குப் போட அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

“கையில வெட்டினா எனக்குக் கூலியே கிடையாது தம்பி,” என்று தாடையால் மைத்துனனைக் காட்டினார். “இவன் நிக்கிற செலவு. வேலை இருந்தாலும் திங்கப் போறான், இல்லாட்டியும் திங்கப் போறான்.”

மெஷின்காரன் சிரித்தான். பசை போடுகிற பெண்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். டீ கொண்டு வந்த அக்கா, என்ன ஏதென்று தெரியாமலே, எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சிரித்து வைத்தாள். மைத்துனனும் சிரித்தான். அதுதான் அவனை அரித்தது. மற்றவர்கள் சிரித்ததைக்கூட மறந்து தொலைக்கலாம். தன் வாயே பல்லைக் காட்டிவிட்டதை என்ன செய்வது?

அத்தானுக்குக் கடைத்தெருவில் மில்லி என்று பெயர். அட்டையில் அரை மில்லிமீட்டர் மிச்சம் பிடிக்கிற மனுஷர் என்று யாரோ வைத்தது. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவரும் பட்டம் வாங்கியவர் மாதிரி திரும்பிப் பார்ப்பார். காகிதக் கிடங்கில் மூட்டை தூக்கி ஆரம்பித்தவர். கிடங்கில் வெட்டி எறிகிற அட்டை ஓரங்களைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டில் உட்கார்ந்து மாத்திரை டப்பா செய்து மருந்துக் கடைகளில் போட்டார். டப்பா பெட்டியானது, வீடு பட்டறையானது. ஓரத்தைப் பொறுக்கி மேலே வந்ததால், எதைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்கு முதலில் ஓரம்தான் தெரியும். சோப்பு தேய்ந்து தகடானால் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டுவார். ஒட்டிய தடம் தெரியாது. அந்தக் கைக்கு அப்படி ஒரு சுத்தம் இருந்தது, அதை எதிரியும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

படிப்பு அவருக்கும் பெரிசாகக் கிடையாது. ஆனால் செலவை இரண்டாகப் பிரிக்கத் தெரியும். பெட்டி செய்தாலும் செய்யாவிட்டாலும் வந்து வாசலில் நிற்பது நிக்கிற செலவு: பட்டறை வாடகை, கரண்டு மீட்டருக்குக் கட்டியே ஆகவேண்டிய தொகை. பெட்டி ஓடினால் கூடவே ஓடி, பெட்டி நின்றால் தானும் நிற்பது ஓடுற செலவு: அட்டை, பசை, கூலி. தொழில் பண்ணுகிறவனுக்கு இந்தப் பிரிவு தெரியாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். மில்லி அதைப் பட்டறையோடு விட்டாரா என்றால் இல்லை. அக்காவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை நிக்கிற செலவு, காய்ச்சல் மாத்திரை ஓடுற செலவு. ஆர்டர் கொடுக்க வருகிறவருக்கு டீ ஓடுற செலவு, ஆகவே முழு டம்ளர். தினமும் வந்து வம்பளக்கிற பக்கத்துக் கடைக்காரருக்கு டீ நிக்கிற செலவு, ஆகவே அரை டம்ளர். ஒரே ஆள் இருக்கிற அறையில் ஃபேன் ஓடினால் எழுந்து போய் நிறுத்துவார். அந்த ஒரே ஆள் அவராகவே இருந்தாலும் நிறுத்துவார்.

மைத்துனன் மரக்கடையில் அறுவை வேலை பார்த்தவன். மரக்கடை மூடிப்போனது. வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் அத்தானுக்கு ஒத்தாசையாக இரு என்று அக்கா கூப்பிட்டாள். வேறு வேலை கிடைக்கவில்லை. தேடிப் போக மில்லி விடவும் இல்லை. பட்டறை மச்சில் அட்டைக் கட்டுகளுக்கு நடுவே படுக்கை, அக்கா கையால் மூன்று வேளை சாப்பாடு, சட்டை கிழிந்தால் வேறு சட்டை. சம்பளம் என்று வாயெடுத்தால் மில்லி முகம் அடிபட்ட தகரம் மாதிரி சுருங்கும். வீட்டுப் பிள்ளைக்குச் சம்பளமா, அப்படியானால் நாளைக்கு நான் பொண்டாட்டிக்கும் அளக்க வேண்டுமா என்பார். வீட்டோடு மாப்பிள்ளை எங்கேயும் உண்டு. வீட்டோடு மைத்துனன் என்கிற ரகம் இவனிடமிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

மெஷின்காரன் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். வார்த்தை மட்டும் பட்டறையிலேயே குடியேறிவிட்டது. பசை போடும் பெண்களுக்கு அவன் ‘நிக்கிற அண்ணன்’. அவன் சாப்பிட உட்கார்ந்தால், நிக்கிற அண்ணன் உட்கார்ந்துவிட்டார், இனிமேல் பட்டறை சாய்ந்துவிடும் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி ஓடிப்போய்ச் சுவருக்கு முட்டுக் கொடுப்பது போல் நிற்பாள். அக்கா பிள்ளைகள் ஒன்றும் புரியாமலே ‘நிக்கிற மாமா’ என்று கூப்பிட்டார்கள். குழந்தைகளிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? அவர்கள் கூப்பிட்டால் இதோ வருகிறேன் என்று போவான், போய் நிற்பான்.

ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா மெல்ல, மாப்பிள்ளைக்கு என்ன வரும்படி என்று கேட்டார். எல்லாம் அவனுடையதுதான், எங்கள் வீட்டுப் பிள்ளை என்றார் மில்லி. எல்லாம் என்றால் எவ்வளவு என்றார் அந்த மனிதர். பென்சில் காதிலேயே இருந்தது. வந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். கூலி கேட்டால் பிள்ளை, கணக்குப் போட்டால் செலவு. இப்படி ஒரு பிறவி எடுக்க மைத்துனன் என்ன பாவம் செய்தானோ.

இருந்தும் அந்த வார்த்தையின் முழு விஷமும் அவனுக்கு உடனே ஏறவில்லை. தின்கிறான் என்று சொல்லிக் காட்டிவிட்டார் என்கிற அளவில்தான் வெந்துகொண்டிருந்தான். விஷயத்தை உடைத்தது அதே தெருவில் பெட்டி செய்கிற இன்னொருத்தர். அட்டைக் கடை வாசலில் பார்த்து, உங்கள் அத்தான் போடுகிற விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றார். “எங்க ஆளுங்க கூலி கேக்கிறானுங்கப்பா. உன்ன மாதிரி ஒருத்தன் எனக்கும் இருந்தா நானும் மில்லிதான்.”

அன்று அட்டைக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வருகிற வழியில் அவனுக்கு விளங்கியது. சோறு ஒரே சோறுதான். அவன் நூறு பெட்டி வெட்டினாலும் அதே சோறு, ஆயிரம் வெட்டினாலும் அதே சோறு. அப்படியானால் மில்லியின் கணக்கில் அவன் வெட்டுகிற அடுத்த பெட்டி எப்போதுமே இனாம். இனாமாக வருகிறதை யார் கை வைத்துத் தடுப்பார்? அதனால்தான் எந்தக் கோணல் ஆர்டர் வந்தாலும் ‘இவன் சும்மாதானே இருக்கான்’ என்று அவன் தலையில் விழுந்தது. அதனால்தான் அந்த வழவழப்பான மெஷினும் தோற்றுப் போனது. எவ்வளவு நல்ல மெஷினானாலும் ஒரு பெட்டிக்கு ஏதோ கொஞ்சம் கேட்கும். இவன் ஒன்றுமே கேட்காதவன். கேட்காதவனோடு போட்டி போட எந்தக் கம்பெனியாலும் முடியாது. கட்டர் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலைப் பார்த்தான். அந்த விரல் எந்தக் கணக்கிலும் இல்லை.

மறுநாள் காலையில் கட்டரை மேஜை மேல் வைத்தான். எடுக்கவில்லை.

“அத்தான், இனிமே நானும் ஓடுற செலவு. பெட்டிக்கு மூணு ரூபா. வெட்டினா குடுங்க, வெட்டலேன்னா குடுக்க வேணாம். என் சோத்த நான் பாத்துக்கிறேன்.”

பசை போடும் பெண்கள் தூரிகையை வாளியிலேயே விட்டுவிட்டார்கள். மைத்துனன் பெரிய சண்டையை எதிர்பார்த்து வந்திருந்தான். அவர் நன்றி கெட்டவன் என்றால் என்ன பதில், அக்காவை இழுத்தால் என்ன பதில் என்று மச்சில் படுத்தபடி எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தான். ஒன்றும் உதவவில்லை. மில்லி பென்சிலை எடுத்தார். அட்டைத் துண்டு ஒன்றில் ஏதோ கிறுக்கினார். பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார்.

“சரி,” என்றார்.

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதிலேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும். உஷாராகவில்லை. முதல் கூலியை வாங்கி அக்காவுக்கு ஒரு நல்ல குடை வாங்கிக் கொடுத்தான். நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். குடை பழசாவதற்குள் மெஷின் வந்து இறங்கியது.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. செருப்புக் கடைக்காரர் ஒரே அளவில் பெட்டி எடுக்கிறவர். அந்த அளவுக்கு டை செய்ய ஆறாயிரம் ஆகும். டை இருந்தால் மெஷினில் ஒரு பெட்டி வெட்ட ஒரு ரூபாய். கையில் வெட்ட மூன்று, அது மைத்துனனே வாய் திறந்து சொன்ன விலை. பெட்டிக்கு இரண்டு மிச்சம். மூவாயிரம் பெட்டி வெட்டினால் டைக்குப் போட்ட காசு திரும்பிவிடும். அதற்கு மேலே விழுகிறதெல்லாம் மெஷின் தவணைக்கும் மில்லியின் பைக்கும். செருப்புக் கடைக்காரரோ மூவாயிரத்தைப் போல் பல மடங்கு எடுப்பவர். கூலி இல்லாத வரைக்கும் மெஷின் தோற்றது. கூலி கேட்ட அன்றைக்கே ஜெயித்துவிட்டது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். மைத்துனன் லாரி வைத்துக் கொண்டு வந்து கொட்டிக்கொண்டான்.

தரையைத் தோண்டி, சிமெண்டில் பெரிய போல்ட்டுகளைப் பதித்து, மெஷினை உட்கார வைத்தார்கள். அது அவன் வழக்கமாக நிற்கிற இடம். முதல் அட்டை வாய்க்குள் போய் வெளியே வந்ததும், மில்லி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மடிப்புக் கீறல் எல்லாம் ஒரே ஆழம். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை மைத்துனன் அதுவரை பார்த்ததில்லை. தன் பெட்டி எதற்கும் பார்த்ததில்லை. மூவாயிரத்துக்குக் கீழே வருகிற ஆர்டர் உனக்கு என்றார் மில்லி, திரும்பாமலே. “வந்தா சொல்லி அனுப்புறேன்.”

சொல்லி அனுப்புகிறாராம். மச்சிலே படுத்திருக்கிறவனுக்கு! அன்றே படுக்கையைச் சுருட்டிவிட்டான்.

தெருக்கோடியில் சாவி செய்கிற ஒருத்தரின் கடையில் பாதி ஷட்டரை வாடகைக்குப் பிடித்தான். கைக்கடிகாரம் விற்கிறவருக்கு ஐம்பது, வீட்டில் சோப்புச் செய்கிற அம்மாவுக்கு இருநூறு, கண்ணாடிப் பாத்திரக்காரருக்கு முக்கோணமாகக் கொஞ்சம் என்று, டை செய்தால் கட்டுப்படியாகாத ஆர்டர்களாகப் பொறுக்கினான். அவனும் ஓரம் பொறுக்கிதான் ஆனான், ஆனால் அதை யாராவது சொல்லிக் காட்டினால் கடித்திருப்பான். ஒரு மழை வாரத்தில் ஆர்டரே இல்லை. சாவிக்காரர் வாடகையை நினைவுபடுத்தினார். வேலையே இல்லாவிட்டாலும் இந்த நிக்கிற செலவு ஒன்று என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. ஏன் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்கிறாய், ஒரு வாரம் பொறுத்துத்தான் கொடேன் என்றார் சாவிக்காரர் பாவம்.

தெருவின் இந்த முனையும் அந்த முனையும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தனுப்புவாள். மூடி திறக்காமல் திரும்பிப் போகும். மில்லி அந்த வழியே போனால் பாதி ஷட்டரைப் பார்த்து, மீதிப் பாதி எங்கே என்று சாவிக்காரரிடம் விசாரிப்பார். ஒரு தடவை வயிற்றெரிச்சலுக்காகவே மைத்துனன் விலையைக் குறைத்துச் சொல்லி நாலாயிரம் பெட்டி ஆர்டரை மில்லியிடமிருந்து தட்டிப் பறித்தான். பெட்டிக்கு இரண்டுதான் கூலி நின்றது. விரல் வீங்கி, சாப்பாட்டைப் பிசையக்கூட முடியவில்லை. அந்த வாரம் மெஷின் சத்தம் கேட்கவில்லை என்று பசைப் பெண் ஒருத்தி வந்து சொன்னபோது, வீங்கின விரலோடு அவளுக்கு முழு டம்ளர் டீ வாங்கிக் கொடுத்தான்.

பிறகு அவன் பறிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. செருப்புக் கடைக்காரர் பெட்டியை விட்டுவிட்டுத் துணிப் பைக்கு மாறினார். பைக்குள்ளே செருப்பு, பைக்கு வெளியே கடை பெயர். மில்லியின் டைகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. சின்ன ஆர்டருக்கு டை கட்டுப்படியாகாது. கையால் வெட்டப் பட்டறையில் கை இல்லை. மெஷின் மாதா மாதம் தவணை கேட்டது. வேலை இருந்தாலும் கேட்டது, இல்லாவிட்டாலும் கேட்டது. நீல பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி வைத்திருந்தார்கள். மைத்துனன் வேலை மெனக்கெட்டு அந்த வழியே நடந்தான். வாசலில் நின்று, உள்ளே கேட்கிற மாதிரி பசைப் பெண்ணிடம் சொன்னான்.

“உங்க மொதலாளிகிட்ட கேளு. இப்ப எது நிக்குதுன்னு.”

உள்ளேயிருந்து பென்சில் சீவுகிற சத்தம் மட்டும் வந்தது.

கொஞ்ச நாளில் மில்லி பட்டறையிலேயே சரிந்து விழுந்தார். வலது கை, வலது கால் போய்விட்டது. பேச்சு குழறியது. பட்டறைக்குப் பின்னறையில், கதவைத் திறந்தால் மெஷின் தெரிகிற மாதிரி கட்டிலைப் போட்டார்கள். அது அவர் கேட்டது. மெஷினை விற்றுக் கடனை அடைப்பதென்று ஏற்பாடானது. வாங்குகிறவன் லாரியோடு வருகிற காலையில் அக்கா மைத்துனனின் கடைக்கு வந்தாள். குடை எடுத்து வந்திருந்தாள், அவன் வாங்கிக் கொடுத்தது. “வந்து ஒரு வார்த்தை பேசுடா. எனக்காக இல்லேன்னாலும் வா,” என்றாள்.

ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் போனான். இரக்கம் வந்து போனான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேச்சு முழுசாக நின்றுபோவதற்குள் அந்த வார்த்தையை அந்த வாயாலேயே திரும்ப எடுக்க வைக்க வேண்டும். அவ்வளவு காலமும் அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மில்லி ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருந்தார். பென்சில் காதில் இருந்தது. காலையில் அதைச் செருகிவிடாவிட்டால் கஞ்சி குடிக்க மாட்டேன் என்கிறாராம். ஃபேன் ஓடவில்லை. மைத்துனன் உட்கார்ந்தான். நலம் விசாரிக்கவில்லை.

“மெஷின்காரன்கிட்ட என்னப் பத்தி ஒண்ணு சொன்னீங்க. அத திரும்ப எடுத்துக்குங்க.”

மில்லிக்கு எது என்று கேட்கக்கூடத் தேவைப்படவில்லை. வாய் கோணியபடி, தப்பாக என்ன சொன்னேன் என்றார். கணக்குத்தானே சொன்னேன்.

“கணக்குதான் தப்பு. என் சோறு நின்ன செலவு. என் கை ஓடிச்சு. நீங்க சோத்த மட்டும் எழுதிட்டு, கைய விட்டுட்டீங்க.”

மில்லியின் இடது கை மெதுவாக எழுந்து, முகத்தின் குறுக்காகப் போய், வலது காதில் இருந்த பென்சிலைத் தொட்டது. மைத்துனன் முன்னால் சாய்ந்தான். அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பென்சிலை எடுக்காமல் கீழே இறங்கிவிட்டது.

“அத எடுத்தா... மொதல்லேர்ந்து எல்லாக் கணக்கையும் போடணும்,” என்றார் மில்லி. “முடியாது.”

வெளியே லாரி பின்வாங்குகிற சத்தம் கேட்டது. ஆட்கள் ஷட்டரை மேலே ஏற்றினார்கள். யாரோ ஒருத்தன் கடப்பாரையைத் தரையில் போட்டான். மைத்துனன் எழுந்தான். வந்த காரியம் முடிந்தது, இல்லை என்றே முடிந்தது. அக்காவைத் தாண்டி, வாசல்படி வரை போய்விட்டான்.

“மாப்ள.”

படுக்கையைச் சுருட்டிய நாளிலிருந்து அந்த வாய் அவனை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“நில்லு.”

நின்றான். திரும்பினான். வார்த்தையைத் திரும்ப எடுத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தான். அந்த வாரத்திலேயே மில்லிக்குப் பேச்சு அடியோடு போய்விட்டது. அதற்கப்புறம் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்.

“மெஷின் ஏறுற வரைக்கும் அங்க போய் நில்லு. வாய்ப் பக்கம் புடிச்சுத் தூக்கினா விரிசல் விடும், விலையில கொறைச்சிடுவான். டையையும் சேத்து ஏத்திடுவான், விடாத.”

“எவ்வளவு குடுப்பீங்க?” என்றான் மைத்துனன்.

“வேலை ஒண்ணும் இல்லடா,” என்றார் மில்லி. “சும்மா நின்னா போதும்.”